தலைப்புத்தாள் கழன்ற செய்யுள்கள்: நம் மின்தொகுப்புகள் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன?



மின்தொகுப்பு என்று பேச்சு வந்தால் நாம் முதலில் கேட்பது, ‘எத்தனை நூல் இருக்கு?’ என்பதுதான். உள்ளே எப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நூலகத்தில் அலமாரி கண்ணுக்குத் தெரிகிறது, இயங்கலையில் தெரிவதில்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால், தேடி எடுக்கும் செய்யுள் சரியான புலவர் பெயரோடு வருகிறதா, எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று சொல்கிறதா, பக்கத்தில் இருக்கும் விளக்கம் உரையாசிரியருடையதா அல்லது யாரோ ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்கு எழுதிக்கொண்ட குறிப்பா என்பதெல்லாம் அந்த அலமாரியைப் பொறுத்த விஷயங்கள்.

நம்மில் பலர் இப்போது சொந்தமாக வினா வங்கியும் செய்யுள் தொகுப்பும் உருவாக்கி வருகிறோம். அதனால் இரண்டு பெரிய தமிழ்த் தொகுப்புகளை, மதுரைத் திட்டத்தையும் தமிழ் விக்கிமூலத்தையும், இந்த ஒரு கோணத்தில் மட்டும் விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். அவற்றின் நூல் தேர்வையோ எழுத்துப் பிழைகளையோ இங்கே பேசப் போவதில்லை. செய்யுளை எங்கே வைத்தார்கள், செய்யுளைப் பற்றிய விவரத்தை எங்கே வைத்தார்கள், இரண்டையும் எதைக் கொண்டு கட்டினார்கள் என்பது மட்டுமே கேள்வி.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். படிவம் 4 கணினி அறிவியல் எடுத்த மாணவர்களுக்கு அட்டவணை, முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல், மூன்றாம் இயல்நிலை எல்லாம் பாடத்திலேயே வருகிறது. பாடநூல் அதிகம் பேசாத ஒரு சொல் ஸ்கீமா. பல அட்டவணைகளை ஒரு கூட்டமாக வைக்கிற அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பாடநூல் கிடங்கு ஒரு அறை, அலுவலகம் ஒரு அறை, ஆசிரியர் அறை வேறு. கட்டடம் ஒன்றுதான். ஒவ்வோர் அறைக்கும் சாவி வேறு, யார் உள்ளே போகலாம் என்பதும் வேறு. போஸ்ட்கிரஸ் என்கிற தரவுத்தள மென்பொருளில் இது அப்படியே பொருந்தும்: ஒரு தரவுத்தளம், அதற்குள் பல ஸ்கீமா. மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றுதான், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். ஆரக்கிளில் ஸ்கீமா என்பது ஒரு பயனருக்குச் சொந்தமான பொருள்களின் தொகுதி. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் இடத்துக்கு இடம் மாறுவதால், இணையத்தில் யாராவது ‘ஸ்கீமா பிரிச்சு வைங்க’ என்று சொன்னால் எந்த மென்பொருளைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

சரி, மதுரைத் திட்டத்துக்கு வருவோம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்தவர்கள் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். நம் தலைமுறைத் தமிழாசிரியர்கள் பெரும்பாலோர் பயிற்சிக் காலத்தில் சங்கப் பாடலை முதன்முதலாகத் திரையில் பார்த்தது அங்கேதான் இருக்கும். அதன் அமைப்பு மிக எளிமையானது: ஒரு நூல், ஒரு கோப்பு, ஒரு எண். திருக்குறளுக்கு எண் 1. கோப்பின் தலையில் ஒரு தலைப்புத்தாள் இருக்கும். நூலைத் தந்தவர் யார், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், எந்த எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது என்ற விவரங்கள் அதில் உண்டு. அதற்குக் கீழே நூல். கோப்பை இலவசமாகப் பகிரலாம், ஆனால் தலைப்புத்தாளை நீக்காமல் பகிர வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். உள்ளடக்கமும் விவரமும் ஒரே கோப்பில் இருக்கும்போது அவற்றைக் கட்டி வைக்கத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை, மனிதரின் நாணயம் மட்டுமே உண்டு என்று தெரிந்து எழுதிய நிபந்தனை அது. நாம் என்ன செய்தோம்? வேண்டிய பாட்டை மட்டும் வெட்டி எடுத்துப் புலனக்குழுவில் போட்டோம். அங்கிருந்து இன்னொரு குழு, அங்கிருந்து ஒரு பயிற்றி. மூன்றாவது கையில் அது ஊர் பேர் தெரியாத பாட்டு. தட்டச்சு செய்தவர் பெயர் போனது ஒரு அநியாயம். பதிப்பின் பெயர் போனது அதைவிட வகுப்புக்குக் கெடுதல். பாடநூலில் ஒரு சொல்லும் பயிற்றியில் வேறு சொல்லும் இருந்தால், அது பாடபேதமா தட்டச்சுப் பிழையா என்று சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. திட்டம் தொடங்கிய காலத்தில் யுனிகோட் பரவலாக இல்லை. டிஸ்கி குறியீட்டில் கோப்புகள் வந்தன. பிறகு யுனிகோட் வடிவம், பிடிஎப் வடிவம் என்று ஒரே நூல் பல கோப்புகளாக நின்றது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டிப் பழகியவர்களுக்கு அந்தக் குறியீட்டுக் குழப்பக் காலம் நினைவிருக்கும். ஒரு நூலின் விவரம் நான்கு கோப்புகளின் தலையிலும் எழுதப்பட்டிருந்தால், ஒரு திருத்தத்தை நான்கு இடத்தில் செய்ய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் நான்கு கோப்பும் நான்கு கதை சொல்லும். படிவம் 4 மாணவர்களே, பாடநூலில் ‘புதுப்பித்தல் முரண்பாடு’ என்று வெறும் சொல்லாகப் படிக்கிறீர்களே, அது இதுதான்.

இருந்தாலும் மதுரைத் திட்டம் ஒன்றைச் சரியாகச் செய்தது. எண் கொடுத்தது, கொடுத்த எண்ணை மாற்றவில்லை. அதன் அருமை விக்கிமூலத்தைப் பார்த்த பிறகுதான் புரியும்.

விக்கிமூலம் இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு நூல் ஓர் இடத்தில் இல்லை. அச்சு நூலின் படிமம் பொதுவகத்தில், அதாவது விக்கிமீடியா காமன்சில் இருக்கிறது. தட்டச்சு செய்த எழுத்து தமிழ் விக்கிமூலத்தில். ஆசிரியர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வேறு மொழிகளில் அவர் பெயர் போன்றவை விக்கித்தரவில். மூன்றும் தனித்தனித் தரவுத்தளங்கள். திரையில் நாம் பார்ப்பது ஒரே பக்கம். பின்னால் அந்த மூன்று இடத்திலிருந்தும் இழுத்து வந்து தைக்கிறார்கள்.

ஒரே தரவுத்தளத்துக்கு உள்ளேயும் பிரிவினைதான். பக்கத்தின் பெயர் ஓர் அட்டவணையில், யார் எப்போது திருத்தினார் என்பது இன்னோர் அட்டவணையில், எழுத்து வேறோர் அட்டவணையில். இதன் பலனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினாலும் அதன் பழைய திருத்த வரலாறு முழுக்கக் கூடவே வரும். ஏனென்றால் வரலாறு பக்கத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பக்கத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மற்றப் பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகள் பெயரைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. அதனால்தான் பெயர் மாறும்போது பழைய பெயரில் ஒரு வழிமாற்றுப் பக்கத்தை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. எண்ணைப் பிடித்தது தானாகப் பிழைத்தது, பெயரைப் பிடித்ததற்கு ஊன்றுகோல் தேவைப்பட்டது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு பாடமும் இருக்கிறது பாருங்க.

விக்கிமூலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மெய்ப்பு நிலை. ஒவ்வோர் அச்சுப் பக்கத்துக்கும் ஒரு நிறம்: மெய்ப்புப் பார்க்காதது சிவப்புச் சாயல், ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. மஞ்சள் ஆக்கியவரே பச்சை ஆக்க முடியாது. எஸ்.பி.எம். விடைத்தாளுக்குக்கூட இப்படி ஓர் ஏற்பாட்டை நாம் வரவேற்போம் இல்லீங்களா! நூலை வாசிக்கும் பக்கத்தின் மேலே இந்த நிறங்கள் சிறு பட்டையாகவும் தெரிகின்றன.

ஆனால் குறையும் அங்கேதான். அந்தப் பட்டை திரையோடு நின்றுவிடும். மாணவர் நான்கு வரியை ஒற்றி எடுத்துக் கட்டுரையில் ஒட்டினால் எழுத்து மட்டும்தான் வரும், நிறம் வராது. மதுரைத் திட்டத்தில் தலைப்புத்தாளை நாம் வெட்டினோம். இங்கே வெட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை, அது முதலிலேயே வேறு அறையில் இருக்கிறது. பிரித்து வைத்தால் பராமரிப்பு எளிது. ஆனால் பிரிந்தவை பயணம் போகும்போது சேர்ந்து போகாது. தொகுப்பைக் கட்டுபவர்கள் உள்ளே பிரித்தால் மட்டும் போதாது, வெளியே கொடுக்கும்போது சேர்த்துக் கொடுக்கவும் வேண்டும். ஒற்றி எடுக்கும்போதே நூல், எண், பதிப்பு, மெய்ப்பு நிலை என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டு வருமாறு செய்ய முடியும். விக்கிமூலத்தில் மேற்கோள் காட்ட உதவும் தனிப்பக்கம் உண்டு, நம் மாணவர் அதைத் தேடிப் போவார் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. மூன்று தரவுத்தளங்களுக்கு நடுவே இருக்கும் கட்டு இறுக்கமானதல்ல. உரிமச் சிக்கலால் பொதுவகத்தில் ஒரு நூலின் படிமம் நீக்கப்பட்டால், விக்கிமூலத்தில் எழுத்து நிற்கும், ஒப்பிட்டுப் பார்க்கப் படிமம் இருக்காது. மீடியாவிக்கி மென்பொருள் தரவுத்தள அளவில் அயல் திறவுகோல் விதிகளையும் அறிவிப்பதில்லை. இது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே விட்டது. இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், அது சிவப்பாகத் தெரியும், யாராவது வந்து அந்தப் பக்கத்தை எழுதுவார். அறுந்த நூலை எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டு, அதையே அழைப்பாக மாற்றிய புத்திசாலித்தனம் அது. ஆனால் இதைப் பார்த்து நாமும் அப்படியே செய்துவிடக்கூடாது. நம் வினா வங்கியில் செய்யுள் இல்லாத வினா சிவப்பாகத் தெரியாது. மாதிரித்தாள் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பிரிப்பதா சேர்ப்பதா என்பதைவிட, எதைத் திறவுகோலாக வைக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. நாம் செய்கிற தொகுப்புகளில் பெரும்பாலும் புலவர் பெயரே திறவுகோல். ஒரு அட்டவணையில் பாட்டும் புலவர் பெயரும், இன்னொன்றில் புலவர் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும், இரண்டையும் பெயரால் இணைப்பது. பார்க்க இயல்பாகத்தான் இருக்கிறது.

ஔவையாரை எடுங்கள். அதியமான் தந்த நெல்லிக்கனியைப் பற்றிப் புறநானூறு 91-இல் பாடியவர் ஔவையார். ஆத்திசூடி பாடியவரும் ஔவையார். இருவரும் ஒருவரல்லர், காலத்தால் பல நூற்றாண்டு இடைவெளி உள்ளவர்கள் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. பெயரால் இணைத்தால் தரவுத்தளம் இருவரையும் ஒருவராக்கிவிடும். அதியமானோடு கள் அருந்தியவர் குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொன்ன பாட்டியாகிவிடுவார். மாணவர் கட்டுரைகளில் இந்தக் கலப்பைப் பார்க்காத தமிழாசிரியர் யாராவது உண்டா? கதைகளும் திரைப்படமும் செய்துவைத்த கலப்பை நம் அட்டவணையும் உறுதி செய்தால், திருத்துவதற்கு வேறு இடமே இல்லாமல் போகும்.

போதாததற்குப் பெயரை எழுதும் விதம். ‘ஔ’ ஒரே எழுத்து. பலர் அதை ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுத் தட்டுகிறார்கள். திரையில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். ‘பொன்முடியார்’ என்பதில் வரும் ‘பொ’ இன்னும் நுட்பமானது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அதைச் சேமிக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளம், நாம் முன்கூட்டியே ஒருமுகப்படுத்தி வைக்காவிட்டால், இயல்பாக அவற்றை இரண்டு வேறு சொல்லாகவே பார்க்கும். ஒரு ஆசிரியர் கைப்பேசியிலும் இன்னொருவர் பழைய மாற்றியின் வழியாகவும் பெயரை உள்ளிட்டிருந்தால், கண்ணுக்கு ஒரே பொன்முடியார், அட்டவணையில் இருவர். தேடினால் பாதிப் பாட்டு மட்டும் வரும். மீதி எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மீதி இருக்கிறது என்பதே தெரியாது. ஒருமுகப்படுத்தினால் ‘பொ’ சரியாகிவிடும். ‘ஒள’ சரியாகாது, அது உண்மையிலேயே வேறு எழுத்துகள். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இந்த விஷயத்தில் விக்கித்தரவு செய்திருப்பது முன்மாதிரி. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அடையாள எண், பெயர் என்பது அந்த எண்ணின் மேல் ஒட்டிய சீட்டு. எத்தனை ஔவையார் இருந்தாலும் எண் வேறு.

‘அப்படின்னா எண்ணையே வைச்சிடலாமே, செய்யுளுக்குத்தான் ஏற்கெனவே எண் இருக்கே’ என்பீர்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. புறநானூற்றுக்கு 400 பாட்டு. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த நூல். அதில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் கிடைக்கவில்லை. ஒருவர் கிடைத்த பாடல்களை வரிசையாக ஒட்டி, தானாக எண் ஏறும் நிரலை முதன்மைத் திறவுகோலாக வைத்தால், 266 வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் இரண்டு எண் பின்தங்கும். பொன்முடியாரின் 312-ஆம் பாட்டு, தாயின் கடமை தந்தையின் கடமை என்று அடுக்குமே, அது 310 என்ற எண்ணில் போய் உட்காரும். வேடிக்கை என்னவென்றால் உண்மையான 310-உம் பொன்முடியார் பாட்டுத்தான், அதுவும் போர்க்களத்தில் விழுந்த மகனைத் தாய் பார்க்கும் பாட்டு. ஆகவே புலவர் பெயரை வைத்துச் சரிபார்த்தாலும் தவறு பிடிபடாது. இயங்கலையில் சுற்றுகிற ஒரு வினாத்தொகுப்பில் 267-க்குப் பிறகு வந்த எண்கள் இப்படி நழுவியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தொகுத்தவர் பெயர் எங்கும் இல்லை, சொல்வதற்கும் ஆளில்லை.

திருக்குறளில் எண் நழுவாது, 1330-உம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. நாம் இன்று சொல்லும் குறள் எண் பரிமேலழகர் கொண்ட வரிசைப்படி வருவது. மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவர் உரையை ஒருவர் தனி ஸ்கீமாவில் ஏற்றி, அதிலுள்ள வரிசைப்படி எண் போட்டு, குறள் அட்டவணையோடு எண்ணால் இணைத்தால், ஒரு குறளுக்கு வேறு குறளின் உரை வந்து நிற்கும். ஒரே அதிகாரத்துக் குறள்கள் என்பதால் பொருளும் ஏறக்குறையப் பொருந்திவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. இதற்குத் தீர்வு, தொகுப்புக்கென்று பொருளற்ற ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொண்டு, ‘பரிமேலழகர் வரிசையில் இத்தனை, மணக்குடவர் வரிசையில் இத்தனை’ என்பதைத் தனி அட்டவணையில் விவரமாக எழுதுவது. இலக்கணத்தில் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதைக் கண்டுபிடிக்கிற நமக்கு, ஓர் எண்ணுக்குள் உரைமரபு தொக்கி நிற்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்முடைய தொகுப்புகள் மேலே சொன்ன இரண்டையும்விட மோசம் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரே விரிதாள். குறள், பொருள், படிவம், கேள்வி, விடைக்குறிப்பு, போன ஆண்டு எந்த மாணவர் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்பது வரை ஒரே வரிசையில். ‘பொருள்’ என்ற நிரலில் மு.வ. உரை சில இடத்தில், பாடநூல் தரும் பொருள் சில இடத்தில், ஆசிரியர் தாமே எளிமையாக்கி எழுதியது சில இடத்தில். மாணவர் பார்வையில் மூன்றும் ஒன்று. தேர்வில் ‘பொருளை எழுதுக’ என்றால் எதை எழுதுவார்? எது கண்ணில் பட்டதோ அதை. ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் கால்பந்து உதாரணம் வைத்து விளக்கிய வரியை, உரையாசிரியர் சொன்னதாக நினைத்து மனப்பாடம் செய்த மாணவர்கள் உண்டு. உதாரணம் நல்ல உதாரணம்தான், உட்கார்ந்த இடம்தான் தப்பு.

நான் பரிந்துரைப்பது மூன்று ஸ்கீமா. ‘மூலம்’ என்று ஒன்று. அதில் செய்யுள், உரை, பாடபேதம் ஆகியவை. உரையும் நூல்தான், ஆகவே உரைக்கும் இங்கேதான் இடம். ஒரே செய்யுளுக்குச் சீர் பிரித்த வடிவமும் சொல் பிரித்த வடிவமும் தனித்தனி வரிசையாக இருக்கட்டும், செய்யுளின் எண் ஒன்றே. ‘விவரம்’ என்று இரண்டாவது: ஆள், பதிப்பு, மின்னாக்கியவர், மெய்ப்பு நிலை, உரிமம், வரிசை எண்கள். ‘வகுப்பு’ என்று மூன்றாவது: எந்தப் படிவம், எந்த வினா, ஆசிரியர் குறிப்பு, எந்த ஆண்டுத் தாளில் வந்தது. மூலத்தில் எழுதும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு மட்டும். வகுப்பில் எல்லா ஆசிரியரும் எழுதலாம். மாணவர் கணக்கு மூலத்தை வாசிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. போஸ்ட்கிரசில் இந்த அனுமதிகளை ஸ்கீமா அளவிலும் அட்டவணை அளவிலும் சில கட்டளைகளால் கொடுத்துவிடலாம். பிரித்ததன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. பாடத்திட்டம் மாறும்போது ‘வகுப்பு’ முழுவதையும் கலைத்து எழுதலாம், மூலத்தில் ஓர் எழுத்தும் அசையாது.

மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் எந்த ஸ்கீமாவில் என்று கேட்பீர்கள். எதிலும் வேண்டாம். செய்யுள் தொகுப்பு பலரும் திறந்து பார்க்கும் இடம், மதிப்பெண் அப்படிப்பட்டதல்ல. அது பள்ளியிலேயே இருக்கட்டும்.

‘எல்லாம் ஒரே தாளில் இருந்தா தேட வசதிங்க, மூணு இடத்துக்கு ஏன் ஓடணும்?’ என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்ப்பதற்கு ஒரே தாளாகவும் வைப்பதற்கு மூன்று அறையாகவும் இருக்க முடியும். அதற்குத்தான் தரவுத்தளத்தில் ‘வியூ’ என்று ஒன்று உண்டு. மூன்று ஸ்கீமாவிலிருந்தும் எடுத்து ஒரே பட்டியலாகக் காட்டும், தானாக எதையும் சேமித்து வைக்காது. குறள், அதன் பொருள், பொருள் எழுதியவர் பெயர் என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பெயர் நிரலை மறைக்காதீர்கள், அவ்வளவுதான் வேண்டுகோள்.

பிரிப்பதில் அளவும் வேண்டும். ஸ்கீமாவைப் பிரிக்கச் சொன்னால் சிலர் உற்சாகத்தில் தரவுத்தளத்தையே மூன்றாக்கி மூன்று இடத்தில் வைத்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரசில் ஒரே தரவுத்தளத்துக்குள் ஒரு ஸ்கீமாவிலிருந்து இன்னொரு ஸ்கீமாவுக்கு அயல் திறவுகோல் வைக்கலாம், தரவுத்தளம் விட்டுத் தரவுத்தளம் வைக்க முடியாது. எஸ்கியூலைட்டில் பல கோப்புகளை ஒரே நேரத்தில் இணைத்துக் கேள்வி கேட்கலாம், ஆனால் அயல் திறவுகோல் கோப்பைத் தாண்டாது. அப்புறம் காப்புப்பிரதி. மூலத்தைத் திங்கட்கிழமையும் வகுப்பை வெள்ளிக்கிழமையும் பிரதி எடுத்தால், மீட்கும் நாளில் வினா இருக்கும், அது சுட்டும் செய்யுள் இருக்காது. விக்கிமீடியா போன்ற பெரிய அமைப்பு தனித்தனித் தரவுத்தளங்களைத் தாங்கிக்கொள்கிறது என்றால் அதற்கு ஆளும் பொறியும் இருக்கிறது. நாம் பள்ளி முடிந்து மாலையில் இதைச் செய்பவர்கள். ஒரே தரவுத்தளம், மூன்று ஸ்கீமா, ஒரே நேரத்தில் காப்புப்பிரதி போதும்.

தரவுத்தளமே இப்போதைக்கு வேண்டாம், டெலிமா கணக்கில் இருக்கும் விரிதாள் போதும் என்பவர்களுக்கும் இதில் வழி உண்டு. ஒரே கோப்பில் மூன்று தாள் போட்டு, செய்யுள் எண்ணால் கட்டுங்கள். மூலத் தாளைப் பூட்டி வையுங்கள். விரிதாள் அயல் திறவுகோல் விதியைக் காவல் காக்காது, ஆகவே மாதம் ஒரு முறை எண் இல்லாத வினாக்களை வடிகட்டிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. இலக்கியக் கட்டுரையில் இயங்கலையிலிருந்து ஒரு செய்யுளை எடுத்தால் நூல் பெயர், பாட்டு எண், பதிப்பு அல்லது எடுத்த தொகுப்பின் பெயர் மூன்றையும் அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் எடுத்தால் உரையாசிரியர் பெயர் கட்டாயம். பெயர் இல்லாத பொருளை யாருடையது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் பாடநூல் தரும் பொருளுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆசிரியர்கள் தொடங்க நினைத்தால் சின்னதாகத் தொடங்கலாம். புறநானூற்றுக்கு 400 வரிசை போடுங்கள். 267, 268 இரண்டையும் அழிக்காமல், செய்யுள் நிரலைக் காலியாக விட்டு, நிலை என்ற நிரலில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். ஸ்கீமாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று புலனக்குழுவில் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.